பார்த்துச் சொல்ல ஆள் இருந்தாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில், பார்வையற்றவர்கள் வலைத்தளங்கள் மீது வழக்குப் போடுவதைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். படி ஏற முடியாதவர் சாய்தளம் கேட்டால் நியாயம், ஒரு வலைத்தளத்துக்காகவா உச்ச நீதிமன்றம் வரை போவது, வீட்டில் பார்த்துச் சொல்ல ஒருவர்கூடவா இருக்க மாட்டார் என்று கேட்டிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. என் அண்ணன் என்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவரும் இதே கேள்வியை என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு நேரில் சொல்ல வராத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1962இல். மூன்று வயதில் மணல்வாரி அம்மை போட்டது. அம்மை இறங்குவதற்குள் கருவிழி இரண்டும் புண்ணாகி வெளுத்துப் போயின. பிறகு கண்களே சுருங்கி உள்வாங்கிவிட்டன. சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு அம்மை வந்து பார்வை போவது அந்தக் காலத்தில் அபூர்வம் இல்லை. பூந்தமல்லிப் பள்ளி விடுதியில் என்னோடு தங்கியிருந்த பலருக்கும் இதே கதைதான். அங்கே பிரெயில் படித்து, பிறகு தமிழ் இலக்கியம் படித்து, அரசுப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். பிள்ளைகள் ‘தமிழம்மா’ என்று கூப்பிடுவார்கள். 2022இல் ஓய்வு பெற்றேன். கும்பகோணத்தில் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே அண்ணன், அண்ணி, அவர்களுடைய பேரன். எதிர் வீட்டில் கல்லூரி படிக்கும் ஒரு பையன், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். பார்த்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் இல்லை.

2024 தொடக்கத்தில் என் ஓய்வூதியம் வரும் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. கேஒய்சி விவரங்களை, அதாவது வாடிக்கையாளர் யார் என்று காட்டும் அடையாள விவரங்களை, புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நிறுத்தி வைக்கப்படும். செயலியிலேயே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றும் இருந்தது. நான் கணினியில் என்விடிஏவும் கைபேசியில் டாக்பேக்கும் வைத்துப் பதினான்கு ஆண்டுகளாகப் பழகியவள். திரையில் உள்ளதை அவை குரலாகச் சொல்லும். விரலால் தடவி, கேட்டு, இரண்டு தட்டுத் தட்டினால் வேலை நடக்கும். தைரியமாகச் செயலியைத் திறந்தேன்.

அன்று என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். ‘பொத்தான். பொத்தான். படம். பெயரிடப்படாத பொத்தான். படம். பொத்தான்.’ கண்ணுள்ளவர்களுக்கு அங்கே ஒரு வீடு, ஒரு மணி, ஒரு பூட்டு என்று சின்னச் சின்னச் சித்திரங்கள் இருக்குமாம். அந்தச் சித்திரத்துக்கு அடியில் ‘முகப்பு’ என்றோ ‘அறிவிப்புகள்’ என்றோ ஒரு சொல்லை எழுதி வைத்திருந்தால் என் கைபேசி அதைப் படித்துவிடும். எழுதி வைக்கவில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் அழுத்தினால் பணம் எங்காவது போய்விடுமோ என்ற பயத்தோடு, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, பின்னால் வந்து, மறுபடி அழுத்தி, முக்கால் மணி நேரத்தில் கேமரா திறக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

‘உங்கள் முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்’ என்றது. வட்டம் எங்கே இருக்கிறது? கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே என்று அது சொல்லாது. எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். அவன் என் கையைப் பிடித்துக் கைபேசியைச் சரியாக வைத்தான். முகம் வட்டத்துக்குள் வந்தது. அடுத்த கட்டளை: ‘கண்களை இமையுங்கள்.’

எனக்கு இமைக்கக் கண் கிடையாது. இமை இருக்கிறது, உள்வாங்கிய குழியின் மேல் அது எப்போதும் மூடியே இருக்கும். அந்தப் பையன், ‘டீச்சர், இமையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க’ என்றான். விரலால் தூக்கிக்கூடப் பார்த்தேன். மூன்று முறை தோற்ற பிறகு, 24 மணி நேரம் கழித்து முயலுங்கள் என்று செயலி மூடிக்கொண்டது. அந்த நிமிடம் அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் நின்றதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கிளைக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மாதிரி. ‘அம்மா, சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. கண்ணை இமைச்சாத்தான் உயிரோட இருக்கற ஆள்னு அதுக்குத் தெரியும்’ என்றாள். ‘நான் உன் எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறேன், தாயி’ என்றேன். காகிதப் படிவம் இருக்கிறது, ஆனால் மேலிடத்தில் இப்போது அதை வாங்குவதில்லை என்றாள். ஆட்டோ பிடித்து மூன்று முறை போய் வந்தேன். கடைசியில் மேலாளர் தன் பொறுப்பில் காகிதத்தை வாங்கிக்கொண்டு, முன்பிருந்ததுபோல் பணம் எடுக்க வழி செய்தார். அதுவரை 46 நாட்கள் என் ஓய்வூதியம் எனக்கு எட்டாத இடத்தில் இருந்தது. மருந்துக் கடைக்கு அண்ணன் பணம் கொடுத்தார்.

வேறொரு ஊரில் எனக்கு முன்பே இது நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. பிரக்யா பிரசூன், அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பெண். 2023இல் அவர் வங்கிக் கணக்குத் திறக்கப் போனபோதும் இதே இமைக்கும் கட்டளைதான் குறுக்கே நின்றது. அவரும் அவரைப் போன்ற சிலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். முழுப் பார்வையின்மை உள்ள வழக்கறிஞர் அமர் ஜெயின் தனியாக ஒரு மனுப் போட்டார்: தானே படம் எடுத்துக்கொள்ளச் சொல்வது, சில நொடிகளில் ஓடிபி உள்ளிடச் சொல்வது, திரையில் கையெழுத்துப் போடச் சொல்வது, கைநாட்டை ஏற்க மறுப்பது என்று கேஒய்சியின் ஒவ்வொரு படியிலும் பார்வையற்றவர் எங்கே இடறுகிறார் என்பதை எடுத்துக் காட்டினார். இரண்டையும் சேர்த்து விசாரித்து 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு. தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் பொறுப்புத் தலைமை நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் போன நீதிபதி மகாதேவன். மின்வழிச் சேவைகளை அணுகுவது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இமைப்பதைத் தவிர வேறு வழியிலும் ஆள் உயிரோடு இருப்பதை உறுதி செய்ய வேண்டும், காகித வழியை மூடக் கூடாது, இயந்திரம் நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு மனிதர் எடுத்துப் பார்க்க வேண்டும், தளங்களையும் செயலிகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும் என்றெல்லாம் 20 கட்டளைகள்.

என் பழைய மாணவன் ஒருவன் அந்தத் தீர்ப்பை மின்னஞ்சலில் அனுப்பினான். முழுவதையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். ‘ஒரு மனிதர் எடுத்துப் பார்க்க வேண்டும்’ என்ற கட்டளை வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்தக் கிளையில் என் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இல்லாமல் போன அதிகாரம் அதுதான். அவள் என்னைப் பார்த்தாள், நான் நான்தான் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி, வீட்டில் ஆள் இருக்கிறதே என்ற கேள்வி.

சென்ற ஆனி மாதம் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட 15,000 ரூபாய் குறைந்தது. அவள் தகப்பனாருக்கும் என் அண்ணனுக்கும் நிலத் தகராறில் பேச்சு வார்த்தை கிடையாது. அந்தப் பெண் எனக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னாள், அழுதாள். ‘அத்தை, பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டாம்’ என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். வங்கிச் செயலி புதுப்பிக்கப்பட்டதில், பணம் அனுப்பும் பக்கத்தில் முன்பு இருந்த பெயர்களும் போய் எல்லாம் வெறும் ‘பொத்தான்’ ஆகியிருந்தன. கட்டணத்துக்குக் கெடு மறுநாள். வேறு வழி இல்லாமல் அண்ணன் பேரனைக் கூப்பிட்டேன். அவனுக்குப் பதினோரு வயது. அவன் திரையில் இருந்ததை உரக்கப் படித்தான்: பெயர், தொகை, மிச்சம் இருக்கும் இருப்பு. கீழே கூடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

பணம் போய்ச் சேர்ந்தது. ஒரு காசு குறையவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு போனது. அண்ணன் என்னிடம் கோபிக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண் இப்போது என்னிடம் எதையும் சொல்வதில்லை.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இடுப்பில் ஒரு சுருக்குப் பை வைத்திருப்பாள். அதில் எவ்வளவு இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வாசலில் வந்து நின்றவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பாள்; யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை. நான் முதுகலை படித்து, 33 ஆண்டுகள் சம்பளம் வாங்கி, ஓய்வூதியமும் வாங்குகிறேன். என் அம்மாவுக்கு இருந்த அந்தச் சுருக்குப் பை எனக்கு இல்லை. நோட்டாக இருந்தபோது இருந்தது. பழைய நோட்டுகளை விரலால் நீளம் அளந்து நூறு எது, ஐநூறு எது என்று நானே பிரித்து வைப்பேன். 2016க்குப் பின் வந்த நோட்டுகளில் அளவு வித்தியாசம் குறைந்து அதுவும் கடினமாகிவிட்டது. இப்போது எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது. அதன் வாயை அவிழ்க்கும் கயிறு வேறொருவர் கையில் இருக்கிறது.

உங்கள் வாசகர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: தொலைபேசி எண் இருக்கிறதே, கூப்பிட்டுக் கேட்கலாமே என்று. அமெரிக்காவில் கியர்மோ ரோபிள்ஸ் என்ற பார்வையற்றவர் டோமினோஸ் நிறுவனத்தின் மீது 2016இல் வழக்குப் போட்டார். அவர்களுடைய வலைத்தளத்திலும் செயலியிலும் திரை வாசிப்பானை வைத்துப் பீட்சா வாங்க முடியவில்லை என்பது புகார். அந்த நிறுவனமும் இதையேதான் சொன்னது: தொலைபேசி இருக்கிறது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2019 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவை விசாரணைக்கே எடுக்கவில்லை. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பி, 2021இல் அந்த நீதிபதி தொலைபேசி விஷயத்தை நேராகப் பார்த்தார். ரோபிள்ஸ் அந்த எண்ணைக் கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் 45 நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, வெறுத்துப்போய் வைத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு வலைத்தளத்துக்கு ஈடாகாது என்று நீதிமன்றம் சொல்லி, தளத்தைச் சரி செய்யவும் அவருக்கு 4,000 டாலர் கொடுக்கவும் உத்தரவிட்டது. ஒரு பீட்சாவுக்கு ஐந்து ஆண்டு வழக்கா என்று அதைப் படித்தவர்கள் கேட்டிருப்பார்கள். நான் என் 46 நாட்களை நினைத்துக்கொண்டேன்.

வழக்கு இல்லாமல் கேட்டால் நடக்காதா? நானும் கேட்டேன். அந்தப் பெயரில்லாத பொத்தான்களைப் பற்றி வங்கியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ஒரே வாசகம் பதிலாக வந்தது: ‘பார்வையுள்ள ஒருவரின் உதவியுடன் முயலவும்.’

செலவைப் பற்றிய பயமும் எனக்குப் புரிகிறது. தீர்ப்பை அனுப்பிய மாணவன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க எத்தனை நாள் ஆகும் என்று அவனிடம் கேட்டேன். ‘தமிழம்மா, அது ஒரு வரி. கட்டும்போதே எழுதிட்டா நேரமே ஆகாது. எல்லாம் கட்டி முடிச்சு, ஆயிரம் பக்கம் ஆனப்புறம் திரும்பி வந்து எழுதினாத்தான் செலவு’ என்றான். வீடு கட்டும்போதே மின்கம்பிக்குக் குழாய் பதிப்பதற்கும், பூச்சு வேலை முடிந்த பிறகு சுவரை உடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்தச் செலவு வாதம் பழையது. சிட்னி ஒலிம்பிக்ஸ் நடப்பதற்கு ஓராண்டு முன்பு, 1999 ஜூனில், புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒலிம்பிக் அமைப்புக் குழு மீது அந்த நாட்டு மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். நுழைவுச்சீட்டுப் புத்தகம் பிரெயிலில் இல்லை. வலைத்தளத்தில் படங்களுக்கு மாற்றுச் சொல் எழுதப்படவில்லை. தளத்தைச் சரி செய்ய ஒரே ஆள் ஓராண்டுக்கு மேல் உழைக்க வேண்டும், 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும் என்று அமைப்புக் குழு வாதாடியது. வல்லுநர்கள் வந்து, அவ்வளவெல்லாம் ஆகாது என்று சாட்சி சொன்னார்கள். 2000 ஆகஸ்டு 24 அன்று மகுவயர் பக்கம் தீர்ப்பு வந்தது. செப்டம்பர் 15க்குள், அதாவது போட்டி தொடங்கும் நாளுக்குள், தளத்தைச் சரி செய்யச் சொன்னார்கள். முழுதாகச் செய்யவில்லை. நவம்பரில் அவருக்கு 20,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். அதற்குள் ஒலிம்பிக்ஸ் முடிந்துவிட்டது. அந்தப் பணம் அவருக்குப் போட்டி முடிவுகளைத் திருப்பித் தந்திருக்காது. அதே ஆஸ்திரேலியாவில்தான் ஆறு ஆண்டு கழித்து மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் என்விடிஏவை எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் செய்துவிட்டோம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். பேசும் கருவி தயாராக இருக்கிறது. அது பேசுவதற்கு உள்ளே சொல் வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை தருபவர் அரசானாலும் தனியாரானாலும், விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் தங்கள் சேவையை எங்களுக்கும் ஏற்றதாக ஆக்க வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஆக, கெடு 2019 ஜூனிலேயே முடிந்துவிட்டது. ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஒரு காரணத்தை, இலக்கணம் சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். சட்டம் ‘செய்’ என்று ஏவலில் சொன்னது. அதன் கீழ் எழுதிய 15ஆம் விதியோ வழிகாட்டுதல்களைப் பட்டியலிட்டு, ‘செய்க’ என்று வியங்கோளில் விட்டுவிட்டது. ஏவலுக்குக் கீழ்ப்படியாவிட்டால் தவறு. வியங்கோளைக் கேட்டும் கேட்காமலும் இருக்கலாம். இந்த முரண்பாட்டைத்தான் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் பிடித்தது. 15ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று தள்ளி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் எழுதச் சொன்னது. அது ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடுள்ளவர் 2005இல் தொடுத்த வழக்கு. பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பாதிக்கு மேல் அந்த மனிதர் நீதிமன்றத்தில் காத்திருந்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு வரிகூட நான் வகுப்பில் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவில் சில வழக்கறிஞர்கள் சின்னக் கடைக்காரர்கள் மீது நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி வழக்குப் போட்டுச் சமாதானப் பணம் வாங்குகிறார்கள் என்ற செய்தி உண்மைதான். அது தவறு, அதனால் பார்வையற்றவர்களின் பெயரும் கெடுகிறது. ஆனால் நம் சட்டத்தின் 89ஆம் பிரிவு சொல்வது முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அது அபராதம். வழக்குப் போட்டவருக்கான இழப்பீடு அல்ல. பிரக்யா பிரசூனும் அமர் ஜெயினும் பணத்துக்காகப் படியேறியதாக யாரும் சொல்ல முடியாது.

வங்கியோடு இது நிற்பதில்லை. ஓர் அரசு அலுவலகத்தின் சுற்றறிக்கையைத் தரவிறக்கிப் படிக்க முயன்றேன். ஓய்வூதியர் பற்றியது, எனக்கு வேண்டியது. தமிழில்தான் இருந்தது, ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில விசைகள். அதில் ‘தமிழ்’ என்ற சொல் வந்த இடத்தில் என் கணினி ‘ஜே கே பி ஓ அரைப்புள்ளி’ என்று வாசித்தது. பத்துப் பக்கமும் அப்படியே. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போதே தமிழக அரசு ஒருங்குறியை, அதாவது கணினி தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடு முறையை, ஏற்றுக்கொண்டது. இவ்வளவு ஆண்டு கழித்தும் நான் பாடம் சொல்லிக்கொடுத்த மொழியின் பெயர் என் காதில் ஜே கே பி ஓ என்று விழுகிறது. பொத்தானுக்குப் பெயர் இல்லாததைவிட அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். எல்லாருக்கும் உச்ச நீதிமன்றம் போக முடியாது. போன இரண்டு மூன்று பேரையும் ஏன் போனாய் என்று கேட்டால் மனம் நோகிறது.

கடைசியாக, உங்களிடமே ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் அப்பா காலைக் காப்பியோடு உங்கள் நாளிதழைத் தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை எனக்கு வாசித்துக் காட்டுவார். அப்பாவுக்குப் பின் அண்ணன். இப்போது நானே படிக்கலாம் என்றுதான் மின்னிதழுக்குச் சந்தா கட்டினேன். அது பக்கம் பக்கமாகப் படம். என் கணினிக்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை. அந்த ஏப்ரல் தீர்ப்பின் செய்தி உங்கள் இதழில் வந்ததைக்கூட அண்ணன் பேரன் படித்துத்தான் கேட்டேன். உங்கள் வலைத்தளத்தில் செய்திகள் எழுத்தாகவே இருக்கின்றன, அதற்கு நன்றி. புகைப்படங்கள் மட்டும் ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கும் எண்களாக வாசிக்கப்படுகின்றன. படத்தின் கீழ் நீங்கள் அச்சில் போடும் அதே விளக்க வரியை உள்ளேயும் போட்டால் போதும்.

இந்தக் கடிதத்தை முதலில் உங்கள் தளத்தின் வாசகர் கடிதப் படிவத்தில்தான் இட்டேன். எல்லாம் நிரப்பிக் கடைசியில் ‘படத்தில் உள்ள எழுத்துகளை உள்ளிடவும்’ என்று வந்தது. கேட்டு எழுதும் வசதி அதில் இல்லை. பேரனைக் கூப்பிட்டிருக்கலாம். இந்தக் கடிதத்துக்கு அவனைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அச்செடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். அந்தப் படிவத்தை முதலில் மாற்றுங்கள். மின்னிதழ் அதற்குப் பிறகு வரட்டும். உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாராவது கூப்பிட்டால், எந்தப் பக்கம் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதைத் தொலைபேசியிலேயே கேட்கவைக்கிறேன். என் எண் உறையின் பின்பக்கம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம். அண்ணன் தினமும் உங்கள் நாளிதழ் படிப்பவர். அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டண விஷயம் மறுபடி அவர் கண்ணில் பட்டு மனம் நோக வேண்டாம் என்று நினைத்து, ஊரையும் உறவு முறையையும் சற்று மாற்றி எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்